மருந்து குறைந்த பெட்டி

சிவகாசிக்காரர் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் தூக்கித்தான் பார்ப்பார். புஸ்வாணமோ, பூசணிக்காயோ, பிறந்த பிள்ளையோ, உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் ஆட்டி, கனம் தேறுமா என்று தீர்ப்புச் சொன்னால்தான் மனசு ஆறும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் தவுபிக் போய் அந்த ஒல்லிப் பெட்டியை வாங்கி வந்தானே, அவனைச் சொல்ல வேண்டும்.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம். தீபாவளி நெருங்குகிற நேரத்தில் அவனுடைய வீடியோ கேம் கடையில் ஓயாமல் உழைத்த பழைய கேம் பெட்டி நின்றுபோனது. தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகளுக்கு நீண்ட லீவு. இளவட்டங்கள் பொழுது போகாமல் வந்து குவிகிற சீசன் அது. அந்தச் சீசனும் படுத்தால் கடையைப் பூட்டிவிட்டு மாமனார் காதர் பாட்சாவின் பேப்பர், அட்டைக் கடையில் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேச்சாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு யாவாரம் தெரியாது என்பது மாமனாரின் உறுதியான அபிப்பிராயம். கல்லாப் பக்கம் ஒரு புது நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் தவுபிக் வந்த வழியே திரும்பிவிடுவான்.

சென்னையிலிருந்து அவன் வரவழைத்த புதுப் பெட்டியும் அதே கம்பெனிதான், ஓடுவதும் அதே சிடிகள்தான். தடிமன் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்கு இளைத்திருந்தது. ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்காரர் டூப்ளிகேட் என்றார். முடிவெட்டுகிறவர் இது பொம்பளைப் பிள்ளைகள் விளையாடுகிற மாடல் என்றார். பாதிப் பெட்டிக்கு முழு விலையா என்று மாமனார் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

ஆனால் ஆளைக் கவிழ்த்தது முனியராஜ்தான். நாரணாபுரத்துக் கம்பெனி ஒன்றில் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிறவன். அவன் பேச்சு இளவட்டங்களுக்கு வேதம். பெட்டியை உள்ளங்கையில் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டினான்.

"கனமே இல்லையே பாய். மருந்தக் குறைச்சுட்டான்."

உள்ளே மருந்து கிடையாது, சர்க்யூட்டைச் சுருக்கியிருக்கிறார்கள் என்று தவுபிக் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தான். முனியராஜ் பெரிய மனசு பண்ணி ஒரு கிரிக்கெட் ஆடினான், முதல் பந்திலேயே குச்சி பறந்தது. பந்து எழும்பவில்லை, மருந்து பத்தவில்லை என்று ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு எழுந்தான். அதன் பிறகு கூட்டம் முழுக்கப் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிட்டது. அங்கே பழைய குண்டுப் பெட்டிதான் ஓடியது.

தீபாவளி போனது. தவுபிக் காலிக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு, தனக்குத்தானே கிரிக்கெட் ஆடி, தன்னையே தோற்கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு போடும்போது அவன் மனைவி ஷாஹிதா கேட்டாள்:

"ஏன் மச்சான், இந்த ஊர்ல கிப்ட் பாக்ஸ் எப்படிக் கட்டுறாகன்னு நீங்க பாத்ததே இல்லையா?"

பார்க்காமல் என்ன? பெட்டிக்குள் பாதி உயரத்துக்கு அட்டையை மடித்து மேடை கட்டி, அதன் மேல் பட்டாசை அடுக்குவார்கள். திறந்ததும் பெட்டி பொங்கி வழிகிற மாதிரி இருக்கும். தவுபிக் கையைக் கழுவாமலே எழுந்தான். செத்துப்போன பெட்டியின் குடலை எடுத்துவிட்டு, மேல்பக்கத்தை அறுத்து மூடியாக்கினான். ஷாஹிதா தன் அத்தா காதர் பாட்சாவின் கடை அட்டையை மடித்து, காற்றுப் போக ஓட்டை விட்டு, மேடை கட்டினாள். அடியில் கனத்துக்குக் கூரை ஓட்டுத் துண்டுகள் நாலு. மேலே ஒல்லிப் பெட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

மறுநாள் முனியராஜைக் கூப்பிட்டு, கம்பெனியில் சொல்லி மருந்து ஏற்றி வாங்கியிருப்பதாக ஒரே போடாகப் போட்டான் தவுபிக். முனியராஜ் தூக்கிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"இது பெட்டி."

அன்று பந்து என்னமாய் எழும்பியது என்கிறீர்கள். ஒரே வாரத்தில் கடை வாசலில் செருப்பு விட இடமில்லை.

சங்கதி மாமனார் காதுக்கு எட்டியது. நேரே வந்தார். இளவட்டங்கள் எழுந்து வழிவிட, அவரும் சிவகாசிக்காரர் ஆயிற்றே, பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஓட்டுத் துண்டு லேசாகக் குலுங்கியது. மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, இடுக்கு வழியே உள்ளே பார்த்தார். பேப்பர் யாவாரிக்குத் தன் கடை அட்டை தெரியாமலா போகும்? தவுபிக்கின் கண்ணெதிரே அந்த நாற்காலி வந்து நின்றது.

காதர் பாட்சா மூடியைச் சாத்தினார். கூட்டத்தைப் பார்த்து, மருந்து சரியாகத்தான் ஏற்றியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, மருமகனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மாப்ளே, அந்த மடிப்பு எம்மக கைதானே?"

தவுபிக் தலையை ஆட்டினான்.

"இந்தப் புத்தி அவகிட்ட இருக்க, நான் உங்களப் பிடிச்சு உக்கார வைக்கப் பாத்தேனே. நாளைக்கு அவளக் கடைக்கு அனுப்புங்க. நாற்காலி போட்டு வச்சிருக்கேன்."