அரை அடிக்கு ஓர் அர்த்தம்

1

'தொம்'மென்று ஒரு சத்தம். நாஹா நகரில் எங்கள் கராத்தே கூடத்தின் மரத்தரையில் மாகிஷி மல்லாந்து கிடந்தார். எங்களைச் சோதிக்கக் கராத்தே சங்கத்திலிருந்து வந்தவர். இந்தக் கதை அந்தச் சத்தத்தில்தான் பிறந்தது, ஒத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பத்திரிகையில் இரண்டு பக்கம் நிரப்ப வேண்டியவனுக்கு விழுகிற ஆள் ஒரு வரம்.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த ரகசியம் ஒன்று அன்று' — அடித்துவிட்டேன்.)

2

எதிராளி இல்லாமல் தனியே செய்யும் அசைவுகளின் வரிசைக்குக் கட்டா என்று பெயர். எங்கள் கட்டாவில் பதினேழாவது அசைவில் இடது காலை அரை அடி பக்கவாட்டில் வைப்போம். வேறு எந்தக் கூடத்திலும் அது கிடையாது. சங்கத்தின் அக்டோபர் விழாவில் மேடை ஏற வேண்டுமென்றால் அந்த அரை அடிக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

"இல்லைன்னா அந்த அடியை எடுத்துடுங்க, மிட்சுகோ அக்கா," என்றார் மாகிஷி. "உங்க ஆளுங்க மட்டும் நண்டு மாதிரி நகர்றாங்க."

கூடத்தை நடத்தும் டொகாஷிகி மிட்சுகோவுக்கு ஐம்பத்தொரு வயது. மறைந்த மாஸ்டரின் இடத்தில் நிற்பவர். அடியை எடுத்தால் மாஸ்டரைத் திருத்தியதாகும். எடுக்காவிட்டால் நாற்பது பேர் ஒரு வருஷம் பழகியது வீண். அவர் வாயே திறக்கவில்லை.

(இங்கே 'குருபக்தியில் பேச்சற்று' என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன்.)

3

பதில் சொன்னவர் குராமோட்டோ. ஒசாக்காவிலிருந்து துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்தவர். பிடித்து வீழ்த்தும் ஜுஜிட்சுவில் இருபது வருஷம். எங்களிடம் புதியவர் என்பதால் கடைசி வரிசை.

"இதுல என்ன புதிர்? ஜுஜிட்சுல நாங்க தினம் செய்றதுதானே. இந்த அசைவுல இடுப்புக்கு இழுக்குற கை சும்மாவா வருது? எதிராளி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு வருது."

"கராத்தேக்காரன் பிடிக்க மாட்டான், அடிப்பான்," என்றார் மாகிஷி.

"அப்ப கையைக் குடுங்க, பார்ப்போம்."

கொடுத்தார். குராமோட்டோ மணிக்கட்டை இடுப்புக்கு இழுத்தார், இன்னொரு முன்கையை மார்புக்குக் குறுக்கே வைத்தார், இடது காலை அரை அடி தள்ளி மாகிஷியின் குதிகாலுக்குப் பின்னால்... மீதி உங்களுக்குத் தெரியும்.

"அடி இருக்கட்டும்," என்றார் மாகிஷி, தரையிலிருந்தபடியே. "மேடையில இதையும் செஞ்சு காட்டுங்க. விழறதுக்கு மட்டும் வேற ஆள் பாருங்க."

(ஓர் இடைக்குறிப்பு: கட்டாவின் எந்த அசைவுக்கு எதிரேயும் ஓர் ஆளைக் கற்பனை செய்து நிறுத்துங்கள்; பாதி அசைவுகள் ஜுஜிட்சு பிடிகளாகிவிடும். எந்த ஆளை, எங்கே நிறுத்துவது என்பதில்தான் வில்லங்கம். கதை எழுதுகிறவனுக்கும் அதே தொழில்தான்.)

4

அக்டோபர் மேடை, கைதட்டல் என்று ஒரு முடிவு எழுதினேன். குராமோட்டோ முதல் வரிசைக்கு வருவதாக இன்னொன்று. பெயர்களைச் சரிபார்க்க மிட்சுகோவிடம் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு விஷயம் சொன்னார். "போடுறதும் போடாததும் உன் இஷ்டம், தம்பி."

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. மாகிஷி இந்தப் பத்திரிகை படிப்பதில்லை. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? என்னால் முடியவில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள். மிட்சுகோ சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

"மாஸ்டர் ஆஸ்பத்திரியில கிடந்த அந்தப் புயல் மாசம் நான்தான் வகுப்பு எடுத்தேன், கூரை ஒழுகுதுன்னு வாளி வச்சிருந்தோம், அதை மிதிக்காம காலைத் தள்ளி வச்சேன், பின்னால நின்னவங்களும் அப்படியே வச்சாங்க, திருத்துறதுக்கு அவர் திரும்பி வரலை."