சனிக்கிழமை ஒரு வேளை

பெரியவள் வாய் நிறையக் கேக்கை அடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் டீச்சர் பேக்கரிக்குள் நுழைந்தாள்.

டீச்சர், பெரியவளின் தம்பி மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும், கட்டிய புருஷனுக்கும்கூட, அவள் டீச்சர்தான். உள்ளே வந்தவள் முதலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் மேஜைகளைப் பார்த்தாள். அப்புறம் பெரியவளைப் பார்த்தாள்.

"அண்ணி!"

கடையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"அங்க உங்க தம்பி ஒரு டம்ளர் தண்ணிக்கு வழியில்லாம ஐஸ் கட்டிய வாயில போட்டு உறிஞ்சிக்கிட்டுக் கெடக்கிறாரு. இங்க நீங்க கிரீம் கேக் சாப்பிடுறீங்க. எப்படி அண்ணி தொண்டைக்குள்ள இறங்குது?"

உண்மையில் அது இறங்கவில்லை. மெல்லவும் முடியாமல், துப்பவும் முடியாமல், இரண்டு கன்னமும் உப்பப் பெரியவள் உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவா முழுங்கிட்டே பதில் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

பக்கத்து மேஜையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். டீச்சர் திட்டியதைவிட அந்தச் சிரிப்புதான் பெரியவளின் காதைச் சுட்டது. விழுங்கினாள். "இது என்னோட சனிக்கிழமை" என்றாள். சொன்ன பிறகு அது அவளுக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

"கிட்னி கொடுக்கிறதுக்கு சனி ஞாயிறு லீவு வேற உண்டா?"

பெரியவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தவில்லை.

"அவ்வளவு கஷ்டமா இருந்தா வேற யார்கிட்டயாவது போய் வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

தம்பி சின்னவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். குடிக்கிற தண்ணீருக்கும் தின்கிற பழத்துக்கும்கூட அளவு வைத்திருந்தார்கள். டீச்சருக்குப் பரிசோதனை செய்து பார்த்ததில் பொருந்தவில்லை. பெரியவளுக்குத்தான் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தியது. ஆனால் டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த எடையில உங்க வயித்தக் கிழிச்சா உங்களுக்கே ஆபத்து. குறைச்சிட்டு வாங்க, தேதி கொடுக்கிறேன்" என்றுவிட்டார்.

அன்றிலிருந்து பெரியவளின் வாய் பொதுச்சொத்தாகிவிட்டது. பேச்சுவார்த்தையே இல்லாத சொந்தக்காரர்கள் எல்லாம் போன் போட்டு, சோற்றைக் குறை, நட, ஓடு என்றார்கள். டீச்சர் எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து பெரியவள் வீட்டு முன்னறையிலேயே வைத்துவிட்டுப் போனாள். தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, "இன்னைக்கு என்ன அண்ணி சாப்பிட்டீங்க?" என்று வீட்டுப்பாடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை எழுதிக் கொடுத்த அம்மாள் மட்டும் வேறு மாதிரி பேசினாள். அவளே நல்ல கனத்த சரீரம். "வாரத்துல ஒரு வேளை உங்களுக்குப் பிடிச்சதைச் சாப்பிடுங்க. ஒரு நாள் இல்ல, ஒரு வேளை. எந்நேரமும் கட்டியே வெச்சா ஒரு நாள் கயித்த அறுத்துக்கிட்டு ஓடிடுவீங்க. ஆனா ஒளிஞ்சு சாப்பிடாதீங்க. ஒளிஞ்சா ஒண்ணு ரெண்டாகும்."

எல்லாவற்றையும் கேட்ட பெரியவள் கடைசி வார்த்தையை மட்டும் கேட்கவில்லை. சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை வேலை அரை நாள். மதியம் நேராகப் பேக்கரிக்குப் போவாள். ஒரு துண்டு கேக். மற்ற நாட்களில் உப்புச் சப்பில்லாத வேகவைத்த காய், முட்டையின் வெள்ளைக்கரு, சாயங்கால நடை. துணி எல்லாம் தொளதொளத்துப்போயிருந்தது. அதை யாரும் கவனித்துக் கேட்டதில்லை.

அவள் வேலை பார்த்தது செயற்கைப் பல் செய்யும் இடத்தில். திங்கட்கிழமை காலை, ஒரு கிழவரின் கீழ்த்தாடைப் பல்செட்டைச் சுழலும் கல்லில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளஞ்சிவப்புத் தூள் முகக்கவசத்தின் மேலெல்லாம் பறந்தது. முதலாளி அருகில் வந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, அந்த மனுஷன் அதை வெச்சுத்தான் சாப்பிடணும். உங்க கோபத்தை அதுல காட்டாதீங்க."

பார்த்தாள். ஓரம் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு மெழுகு அச்சிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலும் டீச்சர் கணக்கிலேயே சேர்ந்தது.

அவள் புருஷன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கோபத்துக்கும் அவருக்கும் தூரம். "ஆஸ்பத்திரி அம்மா சொல்லித்தான் சாப்பிடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்குமே" என்றார்.

"என் வாய்க்கு நான் எதுக்குங்க சீட்டு காட்டணும்? அறுக்கப்போறது என் வயிறு. படுக்கப்போறது நான். அதுக்கு நன்றி வேண்டாம், சாமரம் வீச வேண்டாம். ஒரு துண்டு கேக்கை நிம்மதியா முழுங்க விடக் கூடாதா?"

அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க விஷயம் ஊர் சுற்றியது. "தம்பி உசுர விட உனக்கு நாக்கு பெருசாப் போச்சா?" என்று ஓர் அத்தை போனில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். பெரியவள் போனை அணைத்து அலமாரியில் போட்டாள். எடை மெஷினைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஆனால் சாப்பாட்டை மாற்றவில்லை. அதே வேகவைத்த காயைத்தான் தின்றாள், அது டீச்சரின் விரல் என்று நினைத்து நறுக் நறுக்கென்று கடித்து.

அடுத்த சனிக்கிழமை வேண்டுமென்றே அதே பேக்கரிக்குப் போனாள். கடைக்கு நட்டநடுவில் இருந்த மேஜையில் உட்கார்ந்து, கடைக்காரரிடம் பெரிய துண்டாகக் கேட்டாள். அவர் தட்டை வைத்துவிட்டுத் தயங்கினார்.

"போன வாரம் உங்களைச் சத்தம் போட்டாங்களே, அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"ஏன்?"

"இல்ல, தப்பா நினைக்காதீங்க. அவங்க எங்க வாடிக்கைதான். புதன்கிழமை ஆனா வருவாங்க. ரெண்டு கிரீம் பன் வாங்கி, அதோ, சுவரைப் பாத்த மாதிரி உக்காந்து சாப்பிடுவாங்க. முகத்தைக் கழுவிட்டுப் போயிடுவாங்க. அவங்களா இப்படிக் கத்தினாங்கன்னு எனக்கே ஆச்சரியம்."

பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் வாழ்க்கையில் கேக்கை ஒரு வாய்கூட வைக்காமல் விட்டு எழுந்தது அன்றைக்குத்தான். ஒரு வாரமாக அடுப்பில் இருந்த கோபம் அப்படியே பொங்கி வழிந்தது. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் தம்பி வீட்டுக்கு நடந்தாள். வழி நெடுக, எந்தச் சொல்லை முதலில் சொல்வது என்று பொறுக்கிக்கொண்டே போனாள்.

சின்னவன் சாய்வு நாற்காலியில், வீங்கிய கால்களை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊசி குத்திக் குத்தி முன்கையில் நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"புதன்கிழமை புதன்கிழமை ரெண்டு கிரீம் பன்னு" என்றாள் பெரியவள் வாசற்படியில் நின்றபடியே. "சுவரைப் பாத்து உக்காந்து. அது எப்படி டீச்சர் உன் தொண்டையில இறங்குது?"

சிவப்புப் பேனா தாளின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பெரியவளுக்கு ஒரு கணம் இனித்தது, கேக்கைவிட இனித்தது.

சின்னவன் சிரித்தான். மூச்சு வாங்குகிற சிரிப்பு. "எனக்குத் தெரியும்கா."

"என்ன தெரியும்?" என்றாள் டீச்சர்.

"புதன்கிழமை வந்தா உன் மேல வெண்ணெய் வாசனை அடிக்கும். அன்னைக்கு ராத்திரி மட்டும்தான் இந்த வீட்டுல எனக்குத் திட்டு விழாது. அக்கா, தயவு செஞ்சு அதைக் கெடுத்துடாதே."

டீச்சர் பேனாவை மேஜையில் அடித்தாள். "தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தீங்களா? உங்க முன்னாடி சாப்பிட முடியலைன்னுதானே நான் அங்க போறேன்! வீட்டுல ஒரு மாம்பழம் வாங்க முடியல. ஒரு சொம்புத் தண்ணிய நிம்மதியாக் குடிக்க முடியல, சமையலறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டுக் குடிக்கிறேன். எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல? நானும் மனுஷிதானே?"

சொல்லி முடித்ததும் தன் சொல்லைத் தானே கேட்டவள்போல நின்றாள்.

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றாள் பெரியவள்.

"ரெண்டும் ஒண்ணில்ல அண்ணி." டீச்சரின் குரல் தணிந்தது. கோபம் தணியவில்லை. "நான் தின்னா என் இடுப்பு பெருக்கும், அவ்வளவுதான். நீங்க தின்னா தேதி தள்ளிப்போகும். எனக்கு மட்டும் பொருந்தியிருந்தா அன்னைக்கே கத்திய எடுங்கன்னு போய்ப் படுத்திருப்பேன். பொருந்தல. என் புருஷன் பிழைக்கிறதுக்கு நான் உங்க வாயப் பாத்துக்கிட்டு நிக்கணும். காலையில எந்திரிச்சா உங்க வாய், ராத்திரி படுத்தா உங்க வாய். அது எவ்வளவு கேவலமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பெரியவளுக்குத் தெரியாது. அப்படி ஒரு கோணத்தை அவள் யோசித்ததே இல்லை. அதற்காக விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

"அப்போ பாக்காதே" என்றாள். "எடை பாக்க ஆஸ்பத்திரியில மெஷின் இருக்கு. திட்ட டாக்டர் இருக்காரு. நீ பாக்காதே. ஊரக் கூட்டிப் பாக்க வைக்காதே."

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா?" சின்னவன் காலைக் கீழே இறக்கினான். "என் உடம்ப நடுவுல போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறீங்க. இப்படி ஏச்சுப் பேச்சோட வர்ற கிட்னி எனக்கு வேண்டவே வேண்டாம். மெஷின்லயே கெடந்து சாகிறேன்."

"நீ வாய மூடு!" என்றாள் அக்கா.

"நீங்க பேசாம இருங்க!" என்றாள் மனைவி.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்கள். உறுப்புக் கொடுப்பவர்கள் எல்லோரிடமும் பேசுகிற ஓர் அம்மாள். சின்ன அறை, இரண்டு நாற்காலி. வெளியே பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருப்பது கதவின் மங்கல் கண்ணாடியில் நிழலாகத் தெரிந்தது. அன்று வேறு யாருக்கும் லீவு கிடைக்காததால் அவள்தான் கூட வந்திருந்தாள். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களா?" என்றாள் அந்த அம்மாள். "பயப்படாமச் சொல்லுங்க. விருப்பமில்லைன்னா, உங்க உடம்பு ஒத்துவராதுன்னு மட்டும் நாங்களே வெளிய சொல்லிடுவோம். காரணம் யாருக்கும் தெரியாது."

பெரியவள் அந்த நிழலைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு போதும். போன் வராது. வேகவைத்த காய் இல்லை. யாரும் குறைசொல்லவும் முடியாது. பொய் சொல்வானேன், அவள் நிஜமாகவே யோசித்தாள். யோசிக்க யோசிக்கத் தம்பியின் கயிறு மாதிரிப் புடைத்த கைதான் கண்ணில் நின்றது.

"திங்காதேன்னுதான் கட்டாயப்படுத்துறாங்க" என்றாள். "குடுன்னு எவனும் கட்டாயப்படுத்தல. படுத்தியிருந்தா குடுத்திருக்கவே மாட்டேன். நான் அப்படிப்பட்டவ. எழுதிக்கோங்க."

வெளியே வந்ததும் டீச்சர் எழுந்து நின்றாள். "என்ன கேட்டாங்க?"

"கட்டாயமான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லியிருந்தா இன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும்."

டீச்சரின் முகத்தில் ரத்தம் வற்றியது. "சொல்லிட்டீங்களா?"

"இல்ல. உனக்காகன்னு நினைக்காதே."

படி இறங்கும்போது டீச்சர் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடையில வெச்சுக் கத்தினது தப்பு."

"தப்புதான்."

"கோபப்பட்டது தப்பில்ல."

"இல்ல" என்றாள் பெரியவள். அதை அவளால் மறுக்க முடியவில்லை.

சாயங்காலப் போன் நின்றது. சனிக்கிழமை கேக் நிற்கவில்லை. நடுவில் ஒரு மாதம் எடை இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் தேதியைத் தள்ளிப்போட்டார். கேக்கினாலா, உடம்பின் போக்கே அப்படியா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. "எல்லாருக்கும் இப்படி ஒரு கட்டத்துல நிக்கும்" என்றாள் சாப்பாட்டு அம்மாள். ஆனால் டீச்சரின் தாடை இறுகியது பெரியவளுக்குத் தெரிந்தது. பெரியவளும் அன்று ராத்திரி தூங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பேக்கரி வாசல்வரை போய் நின்றாள். கடைசியில் உள்ளே போகத்தான் செய்தாள். பாதித் துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு எடை இறங்கியது. ஆபரேஷனும் நடந்தது. தம்பிக்கு வைத்த சிறுநீரகம் அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல வேலை செய்ய ஆரம்பித்தது.

மூன்றாம் நாள், தூரத்துச் சித்தப்பா ஒருவர் பழக்கூடையோடு பெரியவளைப் பார்க்க வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. என்ன, கொஞ்சம் வாயக் கட்டியிருந்தா ஒரு மாசம் முன்னாடியே முடிஞ்சிருக்கும்" என்றார்.

ஜன்னல் பக்கம் நின்றிருந்த டீச்சர் திரும்பினாள்.

"அந்த ஒரு மாசம் நீங்க எங்க சித்தப்பா இருந்தீங்க? ரத்தம் டெஸ்ட் பண்ண வாங்கன்னு கூப்பிட்டப்போ முழங்கால் வலின்னு சொன்னீங்களே, இப்போ வலி சரியாயிடுச்சா? எழுந்து போங்க. அவங்க தூங்கணும்."

சித்தப்பா கூடையை வைத்துவிட்டு வெளியேறினார். பெரியவளுக்குத் தையல் இழுத்தது. போனில் திட்டிய அந்த அத்தை வந்தாலும் இதே மாதிரி நாலு வார்த்தை கேள் என்று சொல்ல நினைத்தாள். கண்ணைத் திறக்கத் தெம்பில்லை. "கதவைச் சாத்து டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.