சத்தம் குறைந்த வீடு

வெள்ளைத் திரையில் எங்கள் வீட்டைக் காட்டினார்கள். வீடு என்றால் படமில்லை, இரவுச் சத்தத்தை அளந்து போட்ட ஒரு நீலக் கோடு. கொஞ்ச தூரம் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போய், பிறகு சட்டென்று தாழ்ந்து படுத்துவிட்டது.

"தெருவிலேயே அதிகப் பலன் இந்த வீட்டுக்குத்தான்," என்றார் பேராசிரியர். கம்பெனி மேலாளருக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் இருந்த புகார்ப்பெட்டி என்னை விலாவில் இடித்து, "உனக்கு மட்டும் என்னடி யோகம்?" என்றாள். எனக்கு அடுத்த வீட்டுக்காரி. தண்ணீர் வந்தாலும் புகார், வராவிட்டாலும் புகார் என்று தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது.

எனக்கு யோகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் கோடு தாழ்ந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு அவர் அண்ணன் வீட்டுக்குப் போனார்.

எங்கள் தெருவின் முதுகை ஒட்டி ஒரு குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. அதன் கம்ப்ரஸர்கள் இரவெல்லாம் உறுமும். தெரு சத்தம் போட்டதில் ஒரு ஏற்பாடு வந்தது. பல்கலைக்கழகம் சத்தத்தை அளக்கும், கம்பெனி செலவு செய்து தடுப்புச் சுவர் கட்டும், நாங்கள் வீட்டில் அளவுப் பெட்டியை வைத்துக்கொள்வோம். மூன்று தரப்பும் சேர்ந்து செய்கிற ஆராய்ச்சி என்றார்கள். பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால், படித்தவர்களோடு பேசத் தெரிந்தவள் என்று தெரு என்னைக் குழுவில் தள்ளிவிட்டது. அதே கம்ப்ரஸரை ஓட்டுகிற என் வீட்டுக்காரரைத் தொழிலாளர் சார்பில் கம்பெனி உட்காரவைத்தது. ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து மேஜைக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவர்.

சுவர் முடிகிற வாரத்தில் நடந்த கூட்டத்தில் நான் எழுந்து, "மிஷினை ஓட்டுறவர் என் வீட்டுலதான் படுக்கிறார். அவர் நிம்மதியாத் தூங்குறார், நான்தான் முழிச்சுக் கிடக்கேன்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். அதைத்தான் என் வீட்டுக்காரரால் தாங்க முடியவில்லை.

"என் வேலையைச் சந்தி சிரிக்க வெச்சுட்டே," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"சத்தம் இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல."

"உனக்கு மட்டும்தான் கேக்குது. எனக்குக் கேக்கலையே."

வார்த்தைக்கு வார்த்தை வளர்ந்தது. நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் சரியாகப் பேசி நான் கண்டது பாதி காலியான படுக்கை.

அவருக்கு இரவு ஷிப்ட் என்று தெருவில் சொல்லிவைத்தேன். அரிசியை இரண்டு பேருக்கே அளந்து போட்டு மறுநாளும் அதையே சாப்பிட்டேன். கடையில் வரிசையில் நிற்கிற யாராவது அவரைப் போலத் தொண்டையைச் செருமினால் நிமிர்ந்து பார்த்து, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப நகல் எடுத்துத் தொலைப்பேன். முன்பெல்லாம் அவர் குறட்டை விடும்போது தோளில் ஒரு தள்ளு தள்ளுவேன். "ம்" என்று புரண்டு படுத்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிப்பார். இப்போதும் கை தானாகப் போனது. தலையணைதான் அகப்பட்டது. போன் செய்திருக்கலாமே என்பீர்கள். எடுத்தால் என்ன பேசுவது? எடுக்காவிட்டால் அதை எப்படித் தாங்குவது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர் வேண்டும் என்றிருந்தது.

இப்போது இந்தத் திரைக் கூட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டையின் இஸ்திரி மடிப்பு என் கைவேலை இல்லை, ஓரகத்தியுடையது. நீலக் கோட்டைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"அப்போ இந்தச் சுவரே போதும்," என்றார் மேலாளர். "பின்பக்கம் நீட்ட வேண்டியதில்லை."

புகார்ப்பெட்டியின் படுக்கையறை பின்பக்கம்தான் இருக்கிறது. அவள் முகம் விழுந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும், இவளுக்குத் தூக்கம் போகும். எழுந்துவிட்டேன்.

"அந்தக் கோட்டைக் கணக்குல சேர்க்காதீங்க. குறைஞ்சது கம்ப்ரஸர் இல்லை, அவரோட குறட்டை."

அறை சிரித்தது. பெட்டிகளைப் பொருத்திய ஆராய்ச்சி மாணவி மட்டும் பதறிப்போனாள். "அக்கா, வீட்டுக்குள்ள என்னென்ன சத்தம்னு அன்னைக்கே கேட்டேனே."

"ஃபேனைக் கேட்டே, ஃபிரிட்ஜைக் கேட்டே. புருஷனைக் கேக்கலையேம்மா."

"ரெண்டும் ஒரே மாதிரி ஏறி இறங்கியிருக்கு. அதான் பிரிக்கத் தெரியலை," என்று முணுமுணுத்தாள்.

"சரி, குறட்டை இப்ப எங்க போச்சு?" என்றார் பேராசிரியர். பழுதான கருவியைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நான் இப்ப அங்க தூங்குறதில்லை, சார்," என்றார் என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து. சிரிப்பெல்லாம் அடங்கியது. புகார்ப்பெட்டி இந்தமுறை இடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேராசிரியருக்குக் கவலையெல்லாம் ஆராய்ச்சி. "அப்போ ஒப்பிடவே முடியாதே. சுவருக்கு முன்னாடி நீங்க இருந்தீங்க, பின்னாடி இல்லை. ஒரு வாரம் அங்கயே தூங்கினீங்கன்னா சரிபார்த்துடலாம். முடியுமா?"

எல்லோர் கண்ணும் எங்கள் மேல்.

"ஆராய்ச்சிக்குத் தேவைன்னா வரேன்," என்றார்.

"ஆராய்ச்சிக்குத்தானே, வரட்டும்," என்றேன்.

வந்தார். "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று விருந்தாளி மாதிரிச் சொன்னார். ஒழுகிய குழாயைச் சரிசெய்தார். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். படுக்கும்போது மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அசந்து தூங்கிவிட்டால் இது தன் வீடு என்று அவருக்குத் தோன்றிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தேன். அவர் தூக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு இரவும் கட்டை போல் கிடந்தேன். தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. எப்போது உறங்கினேனோ தெரியாது, விடிந்து பார்த்தால் அவர் குளித்து முடித்திருப்பார்.

வாரம் முடிந்த காலையில் மாணவி வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவர் தம் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்பைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். இருங்கள் என்று சொல்ல ஒரு வார்த்தைதான் வேண்டும், அது வந்தபாடில்லை.

"அண்ணா, நீங்க இங்கதானே தூங்கினீங்க?" என்றாள் மாணவி.

"ஆமா. ஏம்மா?"

"குறட்டையே பதிவாகலை. ஒரு ராத்திரிகூட இல்லை. வெறும் கம்ப்ரஸர்தான் ஓடியிருக்கு."

என் கை நின்றது. "தூங்கவே இல்லையா நீங்க?" என்றேன். அந்த வாரத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

"நீ தூங்குறேன்னு அசையாமக் கிடந்தேன்," என்றார். பையின் ஜிப்பை இழுத்தவர் பாதியில் விட்டுவிட்டார். "காலையில கொஞ்ச நேரம் ஷிப்டு ரூம்ல கண்ணை மூடிக்குவேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். பகல் வெளிச்சத்திலும் கிடங்கு உறுமிக்கொண்டுதான் இருந்தது.

"இந்தச் சத்தத்துல இத்தனை வருஷம் எப்படிப் படுத்திருந்தே?" என்றார்.

பதில் சொல்லப் போனேன், அழுகைதான் வந்தது. மாணவிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஜன்னலருகே போய்ப் பெட்டியின் திருகைத் தொட்டாள்.

"குறட்டை இல்லாம இந்த அளவு செல்லாது அண்ணா. என்ன செய்ய, கழட்டிடவா?"

"இருக்கட்டும்மா," என்றார் அவர். "எனக்குத் தூக்கம் வர்ற வரைக்கும் இருக்கட்டும்."