பொன்னுக்கு வீங்கி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கம்பெனியில் எவனாவது தும்மினால்கூட அதற்கொரு நக்கல் அடிக்காவிட்டால் சோறு இறங்காது. அந்த வாய்தான் கடைசியில் என்னை அருணா டாக்டர் முன்னால் தலைகுனிய வைத்தது.

2004இல் என் மனைவி பொற்கொடிக்கு இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லை. எதிர்வீட்டுச் சரசம்மா, "பொன்னுக்கு வீங்கி போல. கழுத்துல தங்கச் சங்கிலியப் போட்டா வடிஞ்சிரும்" என்றார். எனக்கு அது போதாதா?

"பேருலயே பொன்னு இருக்கு, இன்னும் பொன்னுக்கு வீங்குதா? நகைக்கு அடிபோடுறா, பாருங்கக்கா!"

சரசம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பொற்கொடியும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கேலியை நான் விடவே இல்லை. சொந்த ஊர் விருதுநகருக்குப் போனால் அங்கே, சூளகிரிச் சந்தைக்குப் போனால் சந்தையில். அவள் முடியை இறக்கிக் காதை மூடிப் பின்ன ஆரம்பித்தாள். வீக்கம் எலுமிச்சம்பழம் ஆனபோது, "ஏங்க, டாக்டர்ட்ட காட்டுவோமா?" என்று கேட்டாள். "நகைக்கடையில காட்டுவோம்" என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

வீக்கம் வந்து மூன்று வருஷம் கழித்துக் கம்பெனி மருத்துவ முகாமில் அவளைப் பார்த்த நர்ஸ்தான் எங்களை ஓசூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

"எத்தனை நாளா இருக்குதும்மா?" என்று கேட்டார் அருணா டாக்டர்.

நான் முந்திக்கொண்டேன். "ரெண்டு மாசமாத்தான், டாக்டர்." உண்மையைச் சொல்ல வெட்கம். பொற்கொடி என்னைப் பார்த்தாள்.

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "உமிழ்நீர்ச் சுரப்பியில கட்டி. ஸ்லைடுல சாதாரணக் கட்டி மாதிரியும் இருக்குது, கேன்சர் மாதிரியும் இருக்குது. ரெண்டு மாசத்துல இவ்ளோ வளர்ந்ததுன்னா எனக்கு பயமா இருக்குது. கேன்சர்னா முக நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம். வாய் ஒரு பக்கம் கோணிடும். பெங்களூருக்கு அனுப்பி மார்க்கர் டெஸ்ட் பண்ணிடலாம். ஒவ்வொரு மார்க்கரும் ஒருவகை செல்லை மட்டும் பழுப்பா காட்டிக் கொடுக்கும்."

எனக்கு அது புரிந்தது. கம்பெனியில் என் வேலையே அதுதான். இரும்பு வார்ப்பில் சாயம் பூசித் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்பாக எட்டிப் பார்க்கும். மயிரிழை விரிசலுக்கெல்லாம் ரிஜெக்ட் போட்டவன், பெண்டாட்டி கழுத்தைப் பார்க்காமலே பாஸ் பண்ணிவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுசன்!

ரிப்போர்ட் வரும்வரை பொற்கொடி கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துக்கொள்வாள். நான் வந்தால் நிறுத்திவிடுவாள்.

"கேன்சர் இல்லம்மா" என்றார் டாக்டர். எனக்கு உயிர் வந்தது. அவர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "பெருகுற செல்லைக் காட்டுற மார்க்கர் ஒண்ணு இருக்குது, கீ-67னு. அதுல அங்கொண்ணு இங்கொண்ணுதான் பழுப்பு. ரெண்டு மாசத்துல வளர்ந்த கட்டி இப்படி இருக்காது. இது வருஷக்கணக்கா மெதுவா வளர்ந்தது. ரெண்டு மாசம்னு யாரு சொன்னது?"

பெங்களூரில் சாயம் ஏற்றினார்கள், இங்கே என் சாயம் வெளுத்துவிட்டது.

"அவரு மேல தப்பில்லைங்க டாக்டர்" என்றாள் பொற்கொடி. "நான்தான் முடியப் போட்டு மறைச்சு வச்சிருந்தேன். அவருக்கு ரெண்டு மாசமாத்தான் தெரியும்."

"ஏம்மா, உன் உடம்பை நீயே பாத்துக்க மாட்டியா? அப்பவே வந்திருந்தா சுலபமா எடுத்திருக்கலாம். இப்ப நரம்பை ஒட்டி வளர்ந்திருக்குது. காப்பாத்தத்தான் பார்ப்போம். இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு வாய் இழுத்துக்கலாம்."

எனக்கு விழ வேண்டிய திட்டை அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன். "எனக்கு மூணு வருஷமாத் தெரியும். டாக்டர்ட்ட போவோமான்னு கேட்டா. நான்தான் நகைக்கடைக்குப் போவோம்னேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. "நகைக்கடையா? எதுக்கு?"

பொன்னுக்கு வீங்கியில் ஆரம்பித்து அந்த நக்கலை முழுசாக விளக்கிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.