பின்பலகையில் படுத்தவர்

இந்தக் காலத்தில் எவனும் கடையில் பொருளைக் காட்டுவதில்லை, கேள்விதான் கேட்கிறான். செருப்பு வாங்கப் போனால்கூட எங்கே நடப்பீர்கள், எவ்வளவு நடப்பீர்கள் என்கிறான். செருப்பைக் கேட்டால் செருப்பைக் காட்ட வேண்டியதுதானே, என் வண்டவாளம் எதற்கு? தட்டிப்பார் பெரியவருக்கு இது அறவே பிடிக்காது. பானையோ பலகையோ, விரலால் தட்டிப் பார்க்காமல் வாங்காத மனிதர். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஜீப்புக்கு ஸ்பிரிங் பட்டையும் ஷாக் அப்சார்பரும் மாற்றும் கொட்டகையிலும் அன்று காலை அதே கதை.

"பின்னால என்னய்யா ஏத்துவீங்க?" என்றாள் மெக்கானிக் அம்மா.

"கல்லு. ஒரு டன்."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மாமனார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். சுமை லேசு என்றால் தகரம் மாதிரி எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள், கனம் என்று சொன்னால்தான் கனமான சாமான் வரும் என்பது பெரியவரின் எண்ணம்.

உண்மையில் ஏறப்போவது அவர் மனைவி. முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நாளைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள். "வழியில குலுங்கினா உள்ள வெச்ச ஸ்க்ரூ அசைஞ்சிடும். அப்புறம் அவங்க நடக்கிறது என் கையில இல்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு இருப்பது ஒரே குவாரிப் பாதை. ஆம்புலன்ஸ் அதில் ஏறாது. மாப்பிள்ளையின் ஜீப் ஏறும், ஆனால் அதன் பட்டைகள் விரிசல் விட்டிருந்தன.

மத்தியானத்துக்குள் தடித்த பட்டைகளை அடுக்கிக் கட்டி, அதற்கேற்ற முரட்டு ஷாக்கையும் மாட்டிவிட்டாள். பெரியவர் தட்டினார். கணீரென்றது. ஆனாலும் சோதித்துப் பார்க்கும் புத்தி சும்மா இருக்குமா? பின்பலகையில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"மாமா, என்ன இது?"

"வண்டிய எடுங்க மாப்பிள்ளை. குவாரிப் பாதையில கொஞ்ச தூரம் விடுங்க."

கொட்டகையைத் தாண்டினால் பாதைதான். முதல் கல்லிலேயே ஆள் ஒரு சாண் எழும்பி விழுந்தார். அடுத்ததில் பின்மண்டை இடித்தது. அதற்கடுத்த கல்லில், அடி வாங்குவது தன் முதுகு இல்லை, மனைவியின் முதுகு என்று தோன்றிவிட்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

மெக்கானிக் அம்மா ஓடி வந்தாள். "ஒரு டன்னுக்குக் கட்டின பட்டை, வெறும் வண்டியில எகிறாம தாலாட்டுமா? அதுல போய் ஏன்யா படுத்தீங்க?"

பெரியவர் பின்மண்டையைத் தடவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைதான் சொன்னார். "அத்தைய படுக்க வெச்சுக் கூட்டிட்டு வரணும்க்கா. முதுகுல ஆபரேஷன்."

அவள் இடுப்பில் கை வைத்தாள். "இதைக் காலையிலயே சொல்லியிருந்தா வாயில இருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?"

"சொன்னா மெல்லிசா மாட்டிவிடுவ."

"மெல்லிசாத்தான் மாட்டணும்! அடி விழுந்தா பட்டை வளையணும். அது வளையலைன்னா அவங்க முதுகுதான் வளையும். வளைஞ்சது திரும்பத் திரும்ப ஆடாம ஷாக் பிடிச்சுக்கும். போதுமா?"

போதவில்லை. வளைகிற இரும்பை எவன் நம்புவான்? ஆனாலும் இடித்த மண்டை இன்னும் வலித்தது. முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் கழற்றி, மெல்லிய பட்டையும் இளகின ஷாக்கும் மாட்டினாள். தட்டினார். சத்தம் சப்பென்று இருந்தது. முகம் சுளித்தபடி மறுபடி ஏறிப் படுத்தார்.

அதே கற்கள்தான். பலகை ஒரு தடவை தாழ்ந்து, எழுந்து, அடங்கியது. முதுகில் அடி இல்லை. ஆனாலும் ஓரக் கம்பியைப் பிடித்த கை விடவில்லை.

"இப்ப எப்படி மாமா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. என் முதுக எவன் அறுத்தான்?"

இறங்கி, சீட்டுக்கடியில் கிடந்த கடப்பாரையை இழுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பாதையில துருத்திட்டு நிக்கிற கல்லையெல்லாம் பேர்க்கணும். பொழுதிருக்கு."

"அதான் வண்டி நல்லா ஆயிடுச்சே மாமா!"

"நீங்க நம்புங்க மாப்பிள்ளை. உங்களுக்கு வயசு இருக்கு."

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். "வளையுற இரும்பாம்" என்று முணுமுணுப்பது கொஞ்ச தூரம் கேட்டது.