சரிங்க, வெச்சிடறேன்

என் வீட்டுக்காரருக்கு வாய்க்கு வாய் 'சரி' வரும். ஒப்புக்கொண்டார் என்று அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இவர் பட்டறை விபத்தில் பார்வை போனபிறகு தலையாட்டுவதையே விட்டுவிட்டார். தனக்குத் தெரியாத தலையாட்டல் அடுத்தவருக்கும் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் நடந்த சண்டையை அடுப்படியிலிருந்து சொல்லச் சொல்ல, முன்னறையிலிருந்து "சரி... சரி..." என்று வந்துகொண்டே இருக்கும். அது நின்றால் தூங்கிவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

நாங்கள் இருந்தது தரைத்தள வீடு. தெருவுக்கு இறங்க ஒரே ஒரு படி. கதவிலிருந்து குழாய், குழாயிலிருந்து அடுப்பு என்று சுவரைத் தடவித் தடவியே எல்லாவற்றையும் பழகிவைத்திருந்தார். நான் வேலைக்குப் போனதும் தானே டீ போட்டுக்கொள்வார், முனைக்கடைக்குப் போய் பிளேடு வாங்கி வந்து தானே சவரம் செய்துகொள்வார். அந்த வீட்டுக்குள் அவருக்குக் கண் இருந்தது. அது போனால் மனுஷன் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவார் என்று எனக்கு எப்போதும் பயம்.

அதனால்தான் கட்டிடத்து மேனேஜர் புது வாடகை ஒப்பந்தத்தை நீட்டியபோது நான் உடனே கையெழுத்துப் போடவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து போனில் இருக்கிற ஏஐயிடம் கொடுத்தேன்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. இதுல எங்களுக்கு என்ன வம்பு வரும்னு பாரு" என்றேன்.

அது செய்தி வாசிக்கிற குரலில், "வீட்டுக்காரர் என்று நீங்கள் சொல்வது கணவரையா, வீட்டு உரிமையாளரையா?" என்று கேட்டது.

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உரிமையாளரா இருந்தா நான் ஏன் வாடகை குடுக்கறேன்னு கேளு!"

பிறகு அது ஒரு பிரிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே காலி செய்ய நீங்கள் தொலைபேசியில் சம்மதித்தாலும் அது செல்லும் என்று இருக்கிறது. அழைப்புகள் பதிவு செய்யப்படும். எழுத்தில் கொடுத்தால் மட்டுமே செல்லும் என்று மாற்றித் தரக் கேளுங்கள்."

கேட்டேன். மேனேஜர் பேனாவைத் தட்டிக்கொண்டே, "எல்லா வீட்டுக்கும் ஒரே பேப்பர்தாம்மா. புடிச்சா போடுங்க, இல்லன்னா வேற ஆளுங்க காத்திருக்காங்க" என்றார்.

"நாமளா வாயத் தொறந்து ஒத்துக்கிட்டாத்தானே? நான் என்ன பைத்தியமா?" என்றார் என் வீட்டுக்காரர். வேறு போக்கிடமும் இல்லை. கையெழுத்துப் போட்டோம்.

மழை ஆரம்பித்த சமயம். வேலை முடிந்து நனைந்துகொண்டு வந்தேன். "அந்த மேனேஜர் போன் பண்ணினான்" என்றார் இவர். "கீழ்த்தளத்தை மருந்துக்கடைக்கு விடப் போறாங்களாம். நமக்குப் பின்கட்டிடத்துல மூணாவது மாடியாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே. அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போனான், கேட்டுக்கிட்டேன். நீ வந்து நாலு வார்த்தை நல்லா குடுப்பேன்னு விட்டுட்டேன்."

மறுநாள் கதவிடுக்கில் கடிதம் கிடந்தது. தொலைபேசியில் நீங்கள் அளித்த சம்மதத்துக்கு நன்றி, மாதக் கடைசியில் காலி செய்யவும் என்று இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறுபடி ஏஐயிடம் போய், இவர் வழக்கம்போல வெறும் 'சரி'தான் சொல்லியிருப்பார் என்றேன். "கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டவும் 'சரி' என்பார்கள் என்று நீங்கள் வாதிடலாம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதிவை முழுதாகக் கேட்காமல் ஜெயிப்பீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்" என்றது. நியாயம் இருக்கிறது என்றதோடு என் காது அடைத்துக்கொண்டது. நம் பக்கம் நியாயம் இருக்கும்போது வக்கீல் எதற்கு என்று இவரையும் கூட்டிக்கொண்டு நேராக வாடகைத் தகராறு அலுவலகத்துக்கே போய்விட்டேன்.

அங்கே ஒரு பெண் அதிகாரி. முகத்தில் களைப்பு, ஆனால் கெட்டவள் இல்லை. மேனேஜர் கொண்டுவந்திருந்த பதிவைப் போட்டாள். மேனேஜர் மூச்சுவிடாமல் பேச, நடுநடுவே என் வீட்டுக்காரர் "சரிங்க... சரிங்க..." என்றார்.

"மேடம், அது கேட்டுக்கிறதுக்குச் சொல்றது. என்கிட்டயும் இப்படித்தான். நகை வாங்கித் தாங்கன்னாலும் சரிம்பாரு, வாங்கித் தந்ததில்ல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எங்க அப்பாவும் போன்ல இப்படித்தான்." எனக்கு உயிர் வந்தது. மேனேஜர் முகம் சுருங்கியது. பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ மாசக் கடைசில சாவிய ஆபீஸ்ல வெச்சிடுங்க."

"சரிங்க, வெச்சிடறேன்."

அத்தோடு அழைப்பு முடிந்தது.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "போனைங்க! போனை வெச்சிடறேன்னு சொன்னேன்! சாவியை இல்லைங்க!" அதிகாரி இருந்த பக்கம் திரும்பாமல் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

அதிகாரி அந்த இடத்தை மறுபடி போட்டுக் கேட்டாள். "எனக்குப் புரியுதுங்க. ஆனா அவர் சாவின்னு சொன்ன கையோட இவர் வெச்சிடறேன்னு சொல்லியிருக்காரே. இதை நான் என்னன்னு எழுதறது?" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது கத்தித்தான் கெட்டது. இவர் மரியாதையாகப் பேசிக் கெட்டார்.

இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கைப்பிடி ஆடுகிற படிக்கட்டு. காலையில் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் நான் வரும்வரை அங்கேயேதான். பிளாஸ்கில் வைத்த டீ அப்படியே இருக்கிறது. தாடி வளர்ந்துவிட்டது.

சரி என்பதையும் விட்டுவிட்டார். போன் வந்தால் எடுப்பதில்லை. நேற்று சலவைக்கூடத்தில் இஸ்திரிக்காரியும் சூப்பர்வைசரும் கட்டிப் புரளாத குறை. அடுப்படியிலிருந்து ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். முன்னறையில் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரா, என்ன ஆனார் என்று ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஒருத்தி தொண்டை கிழியக் கத்தறேன்! காதுல விழுதா இல்லையா? சரின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

முன்னறையிலிருந்து பதில் வந்தது.

"எழுத்துல குடுக்கட்டுமா?"

கரண்டியைப் போட்டுவிட்டு அழுதேன். கேட்டிருக்கும். கட்டிலிலிருந்து எழுந்து என்னிடம் வரப் பார்த்தார். கையை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவினார். அவருக்குச் சுவர் கிடைக்கவில்லை.