அத்தாயி நின்று பேசுகிறாள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வாசலூர்பட்டி டீக்கடையில் ராசப்பன் தன் மனைவி அத்தாயியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்: "டவுன் ஆஸ்பத்திரியில கையில குழாய் வுட்டுப் பாத்துட்டாங்க. நெஞ்சுல அடைப்பே இல்லீங்க. வேலைக்கு டிமிக்கி குடுக்குறா." அன்றைக்கு எனக்கு டீ இறங்கவில்லை.

முதல் தொடக்கம்: 'மேகம் தவழும் கொல்லிமலையில்...' (அடித்துவிட்டேன். மேகம் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள் ஏரியில் படகு விட்டுக்கொள்ளட்டும்.)

இரண்டாவது: 'மரவள்ளிக் காட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் தடத்தில் அத்தாயி மறுபடியும் நின்றாள்.' இது இருக்கட்டும்.

2

தேவனூர் நாட்டு மலையூர்களில் அவளுக்கு வாயாடி என்று பெயர். ஏற்றத்தில் யார் எதிரே வந்தாலும் நிறுத்திவிடுவாள். மகள் கல்யாணம் என்னாச்சு, மாடு கன்று போட்டதா என்று விசாரிப்பாள். கவனியுங்கள், அவள் கேட்பதோடு சரி. பேசுவதெல்லாம் எதிராளிதான். அதற்குள் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், நெஞ்சு இறுக்கம் கொஞ்சம் விடும். பிறகு மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு அடுத்த வளைவு.

(ஒருத்தி இப்படி மறைப்பாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மறைப்பாள். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு வலிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?)

3

இங்கே கட்டுரை குறுக்கிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். டவுன் ஆஸ்பத்திரியில் கையில் குழாய் விட்டு எடுத்த அந்த ஆஞ்சியோ படத்தில் தெரிவது பெரிய ரத்தக் குழாய்கள். இதயத் தசைக்குள் மயிரிழையாய் ஓடும் சிறு குழாய்கள் அதில் தெரியாது. மலைரோடு நன்றாக இருப்பதால் காட்டுத் தடமும் நன்றாகத்தான் இருக்கும் என்று சொன்னால் ராசப்பனே சிரிப்பான். இதயத்துக்கு மட்டும் நம்பிவிட்டான். சிறு குழாய்கள் கெட்டால் தசைக்கு ரத்தம் போதாது, தசை விறைத்துப்போகும். இதயத்தின் அறை பிழிந்து தள்ளும் வேலையை ஒழுங்காகச் செய்யும்; தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் மக்கர். ஏற்றம் ஏறினால் மூச்சு முட்டும். ஏறும்போது வரும் நோயைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிற... (இந்த வாக்கியத்தை முடித்தால் கெட்ட வார்த்தை வரும்.)

வேறொரு டாக்டர், பானுமதி, அவளை நடக்கவிட்டு, மூச்சு வாங்கும்போதே இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தார். நோய் இருக்கிறது என்றார். மருந்து எழுதினார், சுமை தூக்கவே கூடாது என்றார். ராசப்பன் அசையவில்லை. "மொத ஆஸ்பத்திரியில சுத்தம்னு சொன்னது பொய்யுங்களா?"

4

இன்று லாரி வருகிறது. மூட்டைகளை ரோட்டுக்கு ஏற்றவேண்டும்.

முடிவு ஒன்று: ராசப்பன் திருந்துகிறான். (எழுதிய எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: அத்தாயி தடத்தில் விழுகிறாள், ஊரே அழுகிறது. (செத்தால்தான் நம்புவீர்கள் என்றால் அந்த முடிவை உங்களுக்குத் தரமாட்டேன்.)

முடிவு மூன்று: மூட்டையை அவன் காலடியில் போட்டு, "அந்த ரிப்போர்ட்டையே தூக்கச் சொல்லுங்க" என்கிறாள். (அவள் சொல்லவில்லை. என் ஆசை.)

ஆகவே முடிவு இல்லை. அத்தாயி மூட்டையோடு ஏறிக்கொண்டிருக்கிறாள். எதிரே நீங்கள் இறங்கி வருகிறீர்கள். அவள் நிற்கிறாள்.

"ஏனுங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

சௌக்கியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எழுதுகிறவன் கை அவ்வளவு தூரம் எட்டாது. மூட்டையை வாங்கி இறக்குங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கதையெல்லாம் நிதானமாகச் சொல்லுங்கள்.